பெயரழிந்த படங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் புகைப்படங்கள் குறித்து

2011ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி பிரெண்ட்ஸ்டர் தன் பயனாளர்களின் படங்களை அழித்தது. படங்களோடு சேர்த்து வலைப்பதிவுகள், நண்பர்கள் எழுதிப் போட்ட குறிப்புகள், குழுக்கள் எல்லாம் போயின. 2002இல் அமெரிக்காவில் ஜோனதன் ஏப்ரம்ஸ் தொடங்கிய தளம் அது. அமெரிக்கப் பயனாளர்களை மைஸ்பேஸிடமும் ஃபேஸ்புக்கிடமும் இழந்த பிறகும் தென்கிழக்காசியாவில் அதற்கு உயிர் இருந்தது. 2009 டிசம்பரில் எம்.ஓ.எல். குளோபல் என்ற மலேசிய நிறுவனம் அதை வாங்கியது. 2011 ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு வந்தது. இனி இது விளையாட்டுத் தளம், வேண்டிய படங்களை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மாதம்தான் அவகாசம்.

என் அண்ணன்கள், அக்காள்களின் தலைமுறைக்கு அதுதான் ஆல்பம். பஹாவ், கிம்மாஸ், ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் சனிக்கிழமை டவுனுக்கு வந்து, சைபர் கபேயில் உட்கார்ந்து படம் ஏற்றிய காலம். வீட்டில் கணினி கிடையாது. இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டைக் காலி செய்துதான் திருப்பித் தரவேண்டும். தோட்டத்துத் திருவிழா, கடைசி வருடப் பள்ளி, ஆள் பாதி போய்விட்ட லயன் வரிசை, அதன் முன்னால் முடியில் ஜெல் தடவி நிற்கும் நாலு பையன்கள் எல்லாம் அந்தத் தளத்தில் மட்டும் இருந்தன. அறிவிப்பு வந்தபோது பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குப் போயிருந்தார்கள். பிரெண்ட்ஸ்டர் கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருந்தது? ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி வாரங்களில் முடிந்த அளவு பக்கங்களை நகலெடுத்து இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. ஆனால் அதுவும் ஒரு பகுதிதான்.

இதை நான் இணைய காலத்தின் தனி விபத்தாகப் பார்க்கவில்லை. தோட்டத்து மக்களின் படங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே வரிசையில்தான் தொலைந்துகொண்டிருக்கின்றன. முதலில் பெயர் தொலைகிறது. பிறகுதான் படம். ஒரு கோயிலின் வன்வட்டிலிருந்து அழிந்த படங்களை மீட்கும் வேலை என் கைக்கு வந்தபோது இது எனக்குப் பிடிபட்டது. அந்த வட்டில் என்ன இருந்தது என்று புரிய, முதலில் தோட்டத்துக்குள் கேமரா எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும்.

யார் எடுத்த படம்?

தோட்டத் தொழிலாளர்களை முதலில் படம் எடுத்தவர்கள் தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள். சிங்கப்பூரின் ஜி.ஆர். லேம்பர்ட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஞ்சலட்டைக்கும் ஆல்பத்துக்கும் 'இன வகை' படங்கள் எடுத்து விற்றது. சி.ஜே. கிளைங்ரோத்தே என்ற ஜெர்மானியர் 1907இல் மலாய்த் தீபகற்பம் பற்றிய பெரிய ஆல்பம் வெளியிட்டார். நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டம், ஈயச் சுரங்கம், ரயில் எல்லாம் அதில் உண்டு. இந்த வகைப் படங்களில் கட்டடத்துக்குப் பெயர் இருக்கும், ஆற்றுக்குப் பெயர் இருக்கும். ஆட்கள் வெறும் 'தமிழ்க் கூலிகள்'.

அந்தப் படங்கள் அழியவில்லை என்பதுதான் வேடிக்கை. நூலகங்களிலும் ஏலக் கடைகளிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. கத்ரி நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸில் உள்ளன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டின் ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கம்பெனியின் நினைவுக்குக் கடல் தாண்டி ஒரு பேக்கப் இருக்கிறது. தொழிலாளியின் நினைவு மைலோ டின்னில் இருந்தது.

அந்த டின்னுக்குள் எப்படிப் படம் சேர்ந்தது? பலருக்கு முதல் படம் அரசாங்கம் எடுத்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைநாட்டும் பதித்த அடையாள அட்டை கட்டாயமானது. பதிவுக் குழுக்கள் ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போயின. கேமரா முன் ஒருநாளும் நிற்காத கிழவிகள்கூட அன்றைக்கு நின்றார்கள். மக்களைக் கணக்கெடுத்துக் கண்காணிக்கத்தான் அட்டை என்று காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் தெரியும். பேருந்துகளை மறித்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள். அட்டையோடு ஒருவருடைய ஒரே படமும் அப்படிப் போயிருக்கும்.

அதன் பிறகு டவுன் ஸ்டூடியோ வந்தது. கல்யாணத்துக்கு, பிள்ளைக்கு மொட்டை அடித்ததற்கு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவதற்கு என்று சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் போய் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் தாமரைக் குளம் வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ வைத்த முக்காலி. தோட்டத்துக்குள்ளேயே எடுத்த படங்கள் பெரும்பாலும் கூட்டுப் படங்கள். துரை மாற்றலாகிப் போகும் பிரியாவிடை, தொழிற்சங்கக் கிளை, கால்பந்துக் குழு, தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு. மாலை போட்ட துரையும் துரைசாணியும் நடுவில், பக்கத்தில் கிராணிமார், பின்னால் கங்காணிகள், அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் பால்மரம் வெட்டுகிறவர்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி நான்காவது வரிசையில்தான் இருக்கிறார்கள்.

இந்தக் கூட்டுப் படங்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் ஒரு சிலேட்டைப் பிடித்திருப்பான். அதில் தோட்டத்தின் பெயர், வருடம், சில சமயம் வகுப்பு எழுதியிருக்கும். நான் படித்த பொறியியல் மொழியில் சொன்னால் அது படத்துக்குள்ளேயே பதிந்த தரவுக் குறிப்பு. படத்தின் பின்பக்கத்திலும் ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு தேதி, 'பெரியண்ணனுக்கு அன்புடன்' என்று ஒரு வரி இருக்கும். தன் படத்துக்குத் தானே பெயர் எழுதிவைக்க அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

எங்கே போயின?

படங்கள் சுவரில் மாட்டியிருந்தவரை பெயரும் கூடவே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர் கேட்பார், வீட்டுக்காரர் சொல்வார். வீடு போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வீடு பலமுறை போயிருக்கிறது.

1942, 43இல் ஜப்பானியர்கள் ஆட்களைச் சயாம் பக்கம் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில்பாதையில் மலாயாவிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். திரும்பி வராதவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்திருப்பார்கள்? அடுத்து, சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் லயமும் சேர்ந்தே போயின. உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை இன்றும் இதற்கு முக்கியமான ஆதாரம். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தப் பயத்தில்தான்.

அடுத்த அடி 1969இல் விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்றான். கூட்டுப் படம் யாரிடம் போனதோ அவரிடம்தான் பெயர்களும் போயின. பிறகு ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். 1990களில் நீலாய், லாபு, சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லாரியில் சாமான் ஏற்றும்போது முதலில் மெத்தை, கேஸ் அடுப்பு, சாமிப் படம். கண்ணாடி உடைந்த பழைய பிரேம் கடைசி. கறையானும் மழைத்தண்ணீரும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். படத்தைப் பார்த்து "இது யாரு" என்று சொல்லக்கூடிய ஆட்கள் ஒரு பக்கமும், படம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தார்கள்.

பார்மட் என்றால் என்ன நடக்கிறது?

அந்தக் கோயில் பஹாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் சில மட்டும். திருவிழாவுக்கு மட்டும் சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய ஆட்கள் வந்து சேர்வார்கள். சில வருடங்களுக்கு முன் கும்பாபிஷேக மலர் போடுவதற்காகக் கோயில் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாகப் படம் சேகரித்து ஸ்கேன் செய்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வைத்திருந்தார்கள். யார் வீட்டுப் படம், எந்த வருடம், யார் யார் நிற்கிறார்கள் என்று கோப்பின் பெயரிலேயே இருந்தது. உண்மையில் அருமையான வேலை. மலரில் அச்சானது நாற்பது ஐம்பது படங்கள்தான், அதுவும் தபால்தலை அளவில். மிச்சம் எல்லாம் ஒரு வெளிவன்வட்டில்.

பிறகொரு நாள் திருவிழா வீடியோவைப் போட்டுக் காட்ட அந்த வட்டைத் தொலைக்காட்சியில் செருகினார்கள். திரையில் ஒரு கேள்வி வந்தது. 'பார்மட் செய்யவா?' யாரோ சரி என்று அமுக்கிவிட்டார்கள். அதன்மேல் வீடியோக்களையும் நகலெடுத்தார்கள். கமிட்டித் தலைவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, நீ எஞ்சினியருதான? பாத்து எடுத்துக் குடுப்பா." நான் தொழிற்சாலையில் இயந்திரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறவன். ஆனாலும் நம் ஊரில் எஞ்சினியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கவேண்டும்.

பேக்கப் இல்லாமல் இல்லை, மூன்று இருந்தன. அச்சகத்துக்குக் கொடுத்த சிடி ஒன்று. எழுதக்கூடிய சிடிகளின் சாயப் படலம் வெயிலிலும் ஈரத்திலும் கெடும், அது படிக்கவே இல்லை. இரண்டாவது மேகச் சேமிப்பு. அது வட்டோடு ஒத்திசைந்து ஓடிய கோப்புறை. ஒத்திசைவு என்பது பேக்கப் அல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருந்து அதுவும் போயிருந்தது. மூன்றாவது வாட்சாப் குழு. அங்கே போன படங்கள் சுருங்கியவை, எல்லாவற்றுக்கும் வாட்சாப் வைத்த பெயர், அனுப்பிய தேதி.

பார்மட் ஆன வட்டில் படம் எப்படி மிச்சமிருக்கும்? ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று அதில் எழுதியிருக்கிறது. விரைவு பார்மட் அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்துவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேட்டை வைக்கிறது. அலமாரியில் புத்தகங்கள் அப்படியே இருக்கும். ஆனால் இடம் காலி என்று பதிவேடு சொல்வதால், புதிய புத்தகம் வரும்போது பழையதன்மேல் அடுக்கப்படும். முழு பார்மட் வேறு கதை. விண்டோஸ் விஸ்டா முதல் அது வட்டு முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளிலும் டிரிம் என்ற ஏற்பாடு காலியானதாகக் குறித்த இடங்களைச் சீக்கிரமே துடைத்துவிடும். இது பழைய சுழலும் வட்டு, நடந்தது விரைவு பார்மட். அதுதான் அதிர்ஷ்டம்.

இந்த மாதிரி நேரத்தில் முதல் விதி, வட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதக்கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியால் வட்டின் முழு நகலையும் இன்னொரு வட்டுக்கு எடுத்தேன். பிறகு அந்த நகலின்மேல் போட்டோரெக். பிரான்ஸ் நாட்டு கிறிஸ்டோஃப் கிரெனியே 2002 முதல் இலவசமாகத் தந்துவரும் கருவி அது. பதிவேட்டை அது பார்க்காது. வட்டின் முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை நேராகப் படிக்கும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கி 'எஃப்எஃப் டி9' என்பதில் முடியும். தொடக்கத்தைக் கண்டால் அங்கிருந்து செதுக்கி எடுக்கும்.

இரவெல்லாம் ஓடியது. காலையில் எண்ணூறு படங்களுக்கு மேல் திரும்பி வந்திருந்தன. வீடியோ விழுந்த இடத்தில் இருந்தவை போயேவிட்டன. சில படங்கள் பாதி. மேல்பாதியில் ஆள் இருப்பார், கீழே சாம்பல் நிறப் பட்டை. ஒரு கோப்பு வட்டில் ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடந்தால் செதுக்கும் கருவி தடுமாறும். கணினிக்காரர்கள் இதற்கு ஃபிராக்மென்டேஷன் என்பார்கள். நம் தோட்ட வரலாற்றில் துண்டாடலுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதும் அதே சொல்தான்.

மாமாவுக்குப் போன் செய்து "கெடச்சிருச்சு" என்றேன். ஆனால் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. ஒவ்வொன்றின் பெயரும் எஃப் என்ற எழுத்து, பின்னால் ஏழெட்டு இலக்கங்கள். படம் வட்டின் எந்தப் பிரிவில் கிடந்தது என்பதற்கான எண் அது. கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து எழுதிய பெயர், வருடம், வீடு எல்லாம் பதிவேட்டோடு போய்விட்டன. படத்துக்குள்ளே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பைப் பார்த்தாலும் ஸ்கேன் செய்த நாள்தான் வருகிறது. 1950களின் படத்துக்கும் 1980களின் படத்துக்கும் ஒரே தேதி. ஸ்கேன் செய்தபோது முன்பக்கத்தை மட்டும் செய்திருந்தார்கள். பின்பக்கத்துப் பென்சில் எழுத்தும் ஸ்டூடியோ முத்திரையும் எதிலும் இல்லை. மூலப் படங்களைத் திருப்பிக் கொடுத்த வீடுகள் சிலவற்றில் இப்போது ஆளில்லை.

1907 ஆல்பத்தின் நிலைக்கே வந்துவிட்டோம். படம் தெளிவாக இருக்கிறது. ஆள் 'தமிழ்க் கூலி'.

பெயர் சொன்னவர்கள்

அடுத்த திருவிழாவுக்குக் கோயில் மண்டபத்தில் ஒரு புரொஜெக்டர் வைத்தோம். அன்னதானம் முடிந்து தூக்கக் கலக்கமான நேரம். முன்வரிசையில் எழுபது, எண்பது வயதுப் பாட்டிகளும் தாத்தாக்களும். ஒவ்வொரு படமாகப் போட, ஒரு தங்கச்சி மடிக்கணினியில் எழுதிக்கொண்டே வந்தாள்.

அவர்கள் ஆளைக் கண்டுபிடித்த விதம் எந்த மென்பொருளிலும் இல்லாதது. முகம் தெரியாவிட்டால் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தார்கள். "அது ஆயாக்கொட்டாய். தகரம் புதுசா இருக்கு பாரு, புயலடிச்சதுக்கு அப்பறம் போட்டது." தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து வருடத்தை நெருங்கினார்கள். ஒரு பாட்டி கூட்டுப் படத்தில் ஒரு பெண்ணைத் தோட்டை வைத்தே சொன்னார். "அந்தத் தோடு எங்க சின்னம்மாவோடது. கல்யாணத்துக்கு எரவல் குடுத்துச்சு." அப்படியென்றால் அது யாருடைய கல்யாணத்துக்குப் பின் எடுத்த படம் என்று அடுத்த ஆள் கணக்குப் போட்டார். அடையாள அட்டையில் இருக்கும் பெயர் பலருக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் வழங்கிய பட்டப்பெயர்தான் தெரிந்தது. தங்கச்சி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டாள்.

சண்டையும் வந்தது. ஒரு கால்பந்துக் குழுப் படத்தில் கோல்கீப்பர் யார் என்று இரண்டு தாத்தாக்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு பெயரையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதிவைத்தோம். வரலாறு எழுதுகிறவர்கள் செய்வதும் அதைத்தான்.

பாதி மட்டும் மீண்டு வந்த ஒரு படம் இருந்தது. வேட்டி, கோட்டு, தலையில் முண்டாசு. இடுப்புக்குக் கீழே சாம்பல் பட்டை. யாருக்கும் தெரியவில்லை. அடுத்த படத்துக்குப் போகலாம் என்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து வந்தார். "நிப்பாட்டு தம்பி." திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவருடைய தாத்தா. சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. பெரியம்மா பிறந்ததே அதற்கு வெகுகாலம் பிறகு. அவர் பார்த்ததும் இந்தப் படத்தைத்தான், அம்மாவின் பெட்டியில். அம்மா சொல்லிக் கேட்ட பெயரை அவர் சொன்னார், தங்கச்சி எழுதினாள். பெட்டியும் படமும் வீடு மாறியதில் போய்விட்டன. பெரியம்மாவின் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த முகம் தெரியாது. அன்றைக்கு அவர் கிள்ளானிலிருந்து வராமல் இருந்திருந்தால் அந்தப் படம் ஒரு எண்ணாகவே இருந்திருக்கும்.

ரயில்பாதையில் செத்த மலாயாத் தமிழர்களுக்கு, போர்க்கைதிகளுக்கு இருப்பதுபோல் ஆளுக்கொரு பெயர் பொறித்த கல்லறைகள் கிடையாது. அதனால்தான் ஒரு முகத்தோடு ஒரு பெயர் சேர்வது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

தொலைந்த படத்தை மீட்பதில் பெயர்பெற்ற ஒரு கதை நாசாவுடையது. 1966, 67இல் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் ஐந்து நிலவைப் படமெடுத்தன. மூலத் தரவு பெரிய காந்த நாடாக்களில் இருந்தது. நான்சி எவன்ஸ் என்ற நாசா ஆவணக் காப்பாளர் அவற்றைக் குப்பைக்குப் போகவிடாமல் காத்தார். அதைப் படிக்கும் ஆம்பெக்ஸ் இயந்திரங்களைப் பல வருடம் தன் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்திருந்தார். 2008இல் ஒரு குழு, மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அந்த இயந்திரத்தை ஓடவைத்து, 1966 ஆகஸ்ட் 23ஆம் தேதி எடுத்த, நிலவுக்கு மேல் பூமி எழும் படத்தை முழுத் தெளிவோடு மீட்டது. அவர்களுக்கு நாடாவும் இயந்திரமும் மட்டும் போதவில்லை. பழைய கையேடுகளைத் தேடினார்கள், அந்த இயந்திரத்தோடு பழகிய ஓய்வுபெற்றவர்களைத் தேடினார்கள். நாசாவுக்கே தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

நம் மொழிக்குள்ளும் முன்மாதிரிகள் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த படங்களை மின்னாக்கம் செய்தது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. அந்த அனுபவம் உள்ள சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற மின்னூலகம் கிளம்பியது. அவர்கள் ஒரு நாலு பக்கத் துண்டுப்பிரசுரத்துக்கும் பட்டியல் குறிப்பு எழுதுகிறார்கள்.

மலேசியத் தோட்டங்களுக்கு அப்படி ஒன்று பெரிதாக வரும்வரை காத்திருக்க நேரமில்லை. துண்டாடலை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். வட்டிலிருக்கும் படத்தை இன்னும் பத்து வருடம் கழித்தும் மீட்கலாம். பெயரை மீட்க முடியாது.

அதனால் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்கேன் செய்தால் படத்தின் இரண்டு பக்கத்தையும் செய்யுங்கள். பெயர்களைக் கோப்பின் பெயரில் மட்டும் வைக்காதீர்கள். படத்துக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒட்டி அதிலேயே எழுதுங்கள், பழைய சிலேட்டு மாதிரி. அப்போது பதிவேடு போனாலும் பெயர் படத்தோடு திரும்பி வரும். பெயர்ப் பட்டியலைத் தாளில் அச்சடித்துக் கோயிலில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் வையுங்கள். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன மூன்று-இரண்டு-ஒன்று விதி எளிது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்றாவது வேறு ஊரில். வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறது என்று நினைப்பது வெறும் நம்பிக்கை.

எங்கள் வட்டில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் படங்களுக்குப் பெயர் இல்லை. அவற்றை ஒரு புத்தகமாக அச்சடித்து, படத்துக்குப் பக்கத்தில் எழுத இடம் விட்டு, பழைய குடும்பங்கள் இருக்கும் ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் தம்பினிலிருந்து ஒரு பிரதி திரும்பி வந்தது. அதில் பதினோரு பெயர்கள் புதிதாக எழுதப்பட்டிருந்தன. இப்போது அது ஜொகூருக்குப் போயிருக்கிறது.